ஒட்டுப்போட்ட தெய்வங்கள்

2024 அக்டோபரில் வாத்திகன் அருங்காட்சியகத்தில் ஒரு சிலை மறுபடியும் மக்கள் பார்வைக்கு வந்தது. பெல்வெடேர் அப்பல்லோ என்று பெயர். 2019 இறுதியில் அதன் கால்களிலும் முழங்கால்களிலும் மெல்லிய விரிசல்கள் தென்பட, அருங்காட்சியகம் சிலையைப் பார்வையிலிருந்து விலக்கிவிட்டு வேலையைத் தொடங்கியது. நடுவில் கொரோனா வந்து இழுத்தடித்தது. இப்போது கார்பன் இழையால் ஆன ஒரு கம்பு பீடத்திலிருந்து எழும்பி, இரண்டேகால் மீட்டர் உயரப் பளிங்கை முதுகுப்பக்கமாகத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

விரிசலும் கம்பும் பொறியாளர்களின் கவலை. மற்றவர்கள் பார்க்க வேண்டியது அப்பல்லோவின் இடது கையை.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இந்தச் சிலையைச் செதுக்கிய ரோமானியச் சிற்பியின் கை வேலை அல்ல அது. அவர் செதுக்கிய கை மண்ணோடு மண்ணாகத் தொலைந்துவிட்டது. 1532 வாக்கில் மொன்டொர்சோலி என்ற சிற்பி புதிதாக ஒரு கையைச் செய்து பொருத்தினார். 1920-களில் அது பழங்காலத்தது அல்ல என்று கழற்றினார்கள். 1999-இல் அதையே திரும்பப் பொருத்தினார்கள். 2024-இல் மறுபடி எடுத்துவிட்டு, நேபிள்ஸுக்கு அருகில் பாயா என்ற ஊரில் கிடைத்த ஒரு கையின் நகலை வைத்திருக்கிறார்கள். பழங்கால ரோமானியப் பட்டறை ஒன்று, கிரேக்க வெண்கலச் சிலைகளின் மேலேயே அச்செடுத்து வைத்திருந்த பிளாஸ்டர் வார்ப்புகளின் உடைசல்கள் 1950-களில் பாயாவில் கிடைத்தன. அவற்றில் ஒரு துண்டு, அப்பல்லோவின் இடது கை. நூறு ஆண்டுக்குள் ஒரே மணிக்கட்டில் ஒரு கை போய், வந்து, திரும்பப் போய், இன்னொரு கை ஏறியிருக்கிறது.

இதைப் படிப்பவருக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. உடைந்த சிலையை உடைந்தபடியே விட்டால் என்ன? ஒட்டியதை ஒட்டியபடியே விட்டால்தான் என்ன? ரோமானியப் பளிங்குச் சிலைகளைப் பற்றி ஐந்நூறு ஆண்டுகளாக நடக்கும் சண்டை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கும். இந்தக் கட்டுரையின் நிலைப்பாட்டை இங்கேயே சொல்லிவிடலாம்: ஒட்டியது பெரிய குற்றம் அல்ல, அதற்காகப் பழைய கல்லைச் சுரண்டியதுதான் குற்றம். ஒட்டியதை மறைப்பது இன்னொரு குற்றம்.

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நிற்கும் ரோமானியச் சிலைகளில் முழுசாகத் தெரிபவை ஏராளம். மூக்கு இருக்கிறது, விரல்கள் இருக்கின்றன, கையில் கோலோ கிண்ணமோகூட இருக்கிறது. பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த கல்லுக்கு மூக்கு எப்படி மிஞ்சியது என்று யாரும் கேட்பதில்லை. மிஞ்சவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. பேரரசு சரிந்தபின் ரோம் நகரத்தார் பளிங்கைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு எரித்தார்கள். பளிங்கைச் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்கும். வீடு கட்ட உதவும். எத்தனை தெய்வங்களும் சக்கரவர்த்திகளும் அப்படிக் காரையாகிப் போனார்கள் என்பதற்குக் கணக்கில்லை. தப்பியவை பீடத்திலிருந்து விழுந்து, கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் முறிந்தன. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் திராட்சைத் தோட்டம் கொத்தும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் அகப்பட்டவற்றில் பெரும்பாலானவை தலையும் கையும் இழந்த உடல்கள்.

அவற்றை வாங்கியவர்கள் கர்தினால்களும் பிரபுக்களும். அவர்கள் தங்கள் முற்றத்திலும் தோட்டத்திலும் நிறுத்தக் கேட்டது முண்டத்தை அல்ல, முழு உருவத்தை. ஆகவே சிற்பிகளுக்குப் புதிதாக ஒரு தொழில் பிறந்தது. அந்தத் தொழிலில் இறங்கியவர்கள் யாரோ கூலிக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பெர்னினி செய்திருக்கிறார், ஆல்கார்டி செய்திருக்கிறார். அந்தந்தக் காலத்தின் முதல் வரிசைச் சிற்பிகள்.

1506 ஜனவரி 14. ரோமில் எஸ்குவிலின் குன்றின் மேல், ஃபெலிச்சே தே ஃப்ரெதிஸ் என்பவருக்குச் சொந்தமான திராட்சைத் தோட்டத்தில் ஒரு பெரிய சிலை தென்பட்டது. செய்தி போப் இரண்டாம் ஜூலியஸின் காதுக்கு எட்டியது. அவர் கட்டடக் கலைஞர் ஜூலியானோ ட சங்காலோவை அனுப்பினார். அவரோடு முப்பது வயது மைக்கேலாஞ்சலோவும் போனார். சங்காலோவின் சிறு வயது மகனும் கூடப் போயிருந்தான். அறுபது ஆண்டு கழித்து 1567-இல் அந்த மகன் எழுதிய கடிதத்தால்தான் அன்று நடந்தது இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. குழிக்குள் பார்த்ததுமே தந்தை அடையாளம் கண்டுவிட்டாராம்: இது ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த லாவோக்கூன்.

ட்ராய் நகரத்துப் பூசாரி லாவோக்கூன். மரக்குதிரையை உள்ளே விடாதீர்கள் என்று எச்சரித்தவர். கடலிலிருந்து வந்த இரண்டு பாம்புகள் அவரையும் இரண்டு மகன்களையும் சுற்றி நெரித்துக் கொன்றன. இந்தக் காட்சியை ரோட்ஸ் தீவின் மூன்று சிற்பிகள் செதுக்கியதாகவும், அது டைட்டஸின் அரண்மனையில் இருந்ததாகவும் முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதியிருந்தார். புத்தகத்தில் மட்டும் இருந்த சிலை கண்முன்னே மண்ணிலிருந்து எழுந்து வந்தது. போப் உடனே வாங்கி வாத்திகனின் பெல்வெடேர் முற்றத்தில் வைத்தார். வாத்திகன் அருங்காட்சியகங்கள் தங்கள் பிறப்பை அந்த 1506-ஆம் ஆண்டிலிருந்தே கணக்கிடுகின்றன.

சிலையில் ஒரு குறை. பூசாரியின் வலது கை தோளோடு போயிருந்தது.

அந்தக் கை எப்படி இருந்திருக்கும்? ரோம் நகரத்துக் கலைஞர்கள் மத்தியில் இது பெரும் விவாதமானது. கை மடங்கித் தலைக்குப் பின்னால் போயிருக்கும் என்று மைக்கேலாஞ்சலோ கருதியதாகச் சொல்வார்கள். வென்றது மற்றக் கட்சி. 1532-இல் மொன்டொர்சோலி, அப்பல்லோவுக்குக் கை கொடுத்த அதே மொன்டொர்சோலி, சுட்ட களிமண்ணில் ஒரு கையைச் செய்து வானத்தை நோக்கி நீட்டிப் பொருத்தினார். வீரன் ஒருவன் பாம்பைப் பிடித்து உயரத் தூக்கிப் போராடுவதுபோல் ஆகிவிட்டது சிலை. அதற்குப் பிறகு நானூறு ஆண்டு காலம் ஐரோப்பா அறிந்த லாவோக்கூன் இதுதான். வரைபடங்களிலும் பிளாஸ்டர் நகல்களிலும் பரவியது இந்த நீட்டிய கைதான். ஜெர்மன் கலை வரலாற்றாளர் வின்கெல்மன் 1755-இல் இந்தச் சிலையை வைத்துக் கிரேக்கக் கலையின் அமைதியைப் பற்றி எழுதினார். ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங் 1766-இல் இதன் பெயரையே தலைப்பாக்கி, கவிதைக்கும் சிற்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எழுதும்போது இருவருமே ரோமுக்குப் போய் மூலச் சிலையைப் பார்த்திருக்கவில்லை. ஐரோப்பிய அழகியலின் அடிக்கற்கள் எனப்படும் இரு நூல்கள், மொன்டொர்சோலியின் கை ஏறிய பின் உலகெங்கும் பரவிய ஓர் உருவத்தை வைத்து எழுந்தவை.

1906-இல் ரோமில் ஒரு கல்தச்சரின் களத்தில் பளிங்குக் கை ஒன்று லுட்விக் போலக்கின் கண்ணில் பட்டது. பிராகா நகரத்தில் பிறந்த யூதர். தொல்பொருள் அறிஞர், பழம்பொருள் வணிகர். சிலை கிடைத்த இடத்துக்கு அருகில்தான் அந்தக் களம். கை மடங்கியிருந்தது. தசையின் செதுக்கல் லாவோக்கூனை ஒத்திருந்தது. போலக் அதைக் காசாக்கப் பார்க்கவில்லை, வாத்திகனுக்கே கொடுத்துவிட்டார். அது அங்கே ஐம்பது ஆண்டு கிட்டங்கியில் கிடந்தது. 1957-இல் தொடங்கி 1960 வரை தொல்பொருள் அறிஞர் ஃபிலிப்போ மாஜி சிலையைப் பிரித்து மறுபடி கூட்டியபோது அந்தக் கையைத் தோளில் வைத்துப் பார்த்தார்கள். இடையில் ஒரு துண்டு இல்லை. ஆனாலும் கையில் பழங்காலத்தில் துளைத்த ஓட்டையும் தோளில் துளைத்த ஓட்டையும் நேருக்கு நேர் வந்து நின்றன. பிறகென்ன சந்தேகம்? நீட்டிய கை இறங்கியது, மடங்கிய கை ஏறியது.

இன்று அந்தச் சிலையின் முன் நிற்பவர் வேறு ஒரு மனிதரைப் பார்க்கிறார். முழங்கை தலைக்குப் பின்னால் இழுபடுகிறது; பாம்பின் பலம் தெரிகிறது; பூசாரி தோற்றுக்கொண்டிருக்கிறார். முன்பு சிலைக்கு வெளியே வானத்தை நோக்கி ஓடிய கோடு இப்போது உள்ளுக்குள்ளேயே சுருண்டு வலியை இறுக்குகிறது. ஒரு கை மாறினால் ஒரு கதையே மாறும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். போலக் இந்த மாற்றத்தைப் பார்க்கவில்லை. 1943 அக்டோபர் 16 அன்று நாஜிகள் ரோமின் யூதர்களை வீடு வீடாகப் பிடித்தபோது அவரும் குடும்பத்தோடு பிடிபட்டார். அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் திரும்பவில்லை.

லாவோக்கூனின் கையை மாற்றியது சரி. சாட்சி இருந்தது, ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது. சாட்சி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதுதான் சிக்கல்.

அதே பெல்வெடேரில் இன்னொரு உடல் இருக்கிறது. தலை இல்லை, கைகள் இல்லை, முழங்காலுக்குக் கீழே இல்லை. ஏதென்ஸைச் சேர்ந்த அப்போலோனியோஸ் என்ற சிற்பியின் கையெழுத்து மட்டும் இருக்கிறது. பெல்வெடேர் முண்டம் என்றே அதைச் சொல்கிறார்கள். மைக்கேலாஞ்சலோ அதை அவ்வளவு நேசித்தார். எந்தக் கையும் அதற்கு மேல் ஏறவில்லை. சக்கரவர்த்திகளையும் தேவதைகளையும் தைத்து முழுசாக்கிய அந்தக் காலமே, இதைத் தொடாமல் விட்டுவைத்தது. அன்றைக்கே இரண்டு மனநிலைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

நேபிள்ஸில் நிற்கும் ஃபர்னேசே ஹெர்குலிஸின் கதை இன்னும் சுவையானது. மூன்று மீட்டருக்கும் உயரமான அந்த மாவீரன், 1546-இல் ரோமின் காரகல்லா குளியல் மாளிகையின் இடிபாட்டில் கிடைத்தபோது கால்கள் இல்லை. சிற்பி குலியெல்மோ டெல்லா போர்த்தா புதுக் கால்களைச் செதுக்கிக் கொடுத்தார். பிற்பாடு மூலக் கால்களே கிடைத்துவிட்டன! மாற்ற வேண்டாம், இக்காலச் சிற்பிகளும் பழையவர்களுக்கு இளைத்தவர்கள் அல்ல என்பது தெரியட்டும் என்று மைக்கேலாஞ்சலோவே சொன்னதாகப் பிற்கால வரலாறு பதிந்திருக்கிறது. ஏறக்குறைய இருநூற்று நாற்பது ஆண்டு அந்த மாவீரன் கடன் வாங்கிய கால்களில் நின்றான். 1787-இல் சொந்தக் கால்கள் வந்து சேர்ந்தன. அப்போது ரோமில் இருந்த ஜெர்மன் கவிஞர் கோதே, இத்தனை காலம் அந்தப் பொய்க் கால்களை எப்படி நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் என வியந்து எழுதினார். ஆனாலும் டெல்லா போர்த்தாவின் கால்களை யாரும் உடைத்துப் போடவில்லை. இரண்டும் ஒரே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அந்தக் கால்கள் ஒரு பாடப்புத்தகம்.

அடுத்து, பெர்னினி செய்த ஒரு மெத்தைக்கு வருவோம். பாரிஸின் லூவ்ரில் உறங்கும் ஹெர்மஃப்ரோடிட்டஸ் சிலை ரோமானியருடையது. அது படுத்திருக்கும் மெத்தை 1620-இல் பெர்னினி செதுக்கியது. அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. மெத்தையின் ஓரத்தில் பொத்தான் வைத்துத் தைத்த இடங்கள் குழிந்து, நடுவில் பஞ்சு உப்பியிருக்கிறது. உடலின் எடைக்கு அது அமுங்குகிறது. கல் என்று தெரிந்தும் விரலால் அழுத்திப் பார்க்கத் தோன்றும். பழங்காலத்தது இல்லை என்பதற்காக இந்த மெத்தையை உருவிவிட்டுச் சிலையைத் தரையில் கிடத்த யாருக்காவது மனம் வருமா? ஒரு சிற்பி ஆயிரத்தைந்நூறு ஆண்டு தாண்டி இன்னொரு சிற்பிக்குப் படுக்கை விரித்துக் கொடுத்திருக்கிறார். அது தனி ஒரு கலைப்படைப்பு.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஒட்டுவேலை பெரிய வியாபாரமானது. இங்கிலாந்துப் பிரபு வீட்டுப் பிள்ளைகள் கல்விச் சுற்றுலாவாக இத்தாலிக்கு வந்து, ஊருக்குத் திரும்பும்போது மாளிகையை நிரப்பச் சிலைகளை வாங்கிப் போனார்கள். ரோமில் அவர்களுக்கு வேலை செய்தவர்களில் முதன்மையானவர் பர்தொலொமேயோ கவாசெப்பி. பட்டறையில் துண்டுகள் மலைபோலக் கிடக்கும். ஓர் உடலுக்கு இன்னோர் உடலின் தலை ஏறும்.

வேலை நடந்த முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முறிந்த இடம் கரடுமுரடாக இருக்கும். புதுத் துண்டு உட்கார வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். சுலபமான வழி, பழைய கல்லின் முறிவையே உளியால் செதுக்கித் தட்டையாக்குவது. பிறகு இரு பக்கமும் துளை போட்டு, இரும்புக் கம்பியைச் செருகி, ஈயத்தை உருக்கியோ குங்கிலியம் போன்ற பிசினில் பளிங்குத் தூளைக் குழைத்தோ ஊற்றி இறுக்குவார்கள். அடுத்து நிறம். புதுப் பளிங்கு பளிச்சென்று இருக்கும், பழையது மஞ்சள் பாய்ந்திருக்கும். புதியதைப் புகையிலை ஊறிய தண்ணீரால் பூசிப் பழுப்பாக்கினார்கள். இல்லையென்றால் பழையதை அமிலத்தால் கழுவி, தேய்த்து, புதியதுபோல வெளுக்கவைத்தார்கள்.

கவாசெப்பி, பழைய முறிவைத் தட்டையாக்கும் வழியை எதிர்த்தவர். 1768 முதல் அவர் வெளியிட்ட மூன்று தொகுதிகளில், பழைய கல்லைத் தொடாதே, புதுத் துண்டை அதன் மேடுபள்ளத்துக்கு ஏற்பச் செதுக்கு, அதே வகைப் பளிங்கைத் தேடு, புராணம் தெரியாமல் கை வைக்காதே என்று வற்புறுத்தினார். தம் பட்டறை வேலைகள் எல்லாவற்றிலும் அவரே இதைக் கடைப்பிடித்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கொள்கை சரியானது. இன்றைக்கும் அதைத் தாண்டிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை.

இங்கேதான் சுரண்டலின் குற்றம் புரிகிறது. ஒட்டிய கையைக் கழற்றிவிடலாம். தட்டையாக்கிய முறிவை யாராலும் திரும்பக் கரடுமுரடாக்க முடியாது. அமிலத்தில் போன மேற்தோல் போனதுதான். அந்த மேற்தோலில் என்ன இருந்தது என்பதைப் பிற்காலம்தான் கண்டது. 1863-இல் ரோமுக்கு அருகில் பிரிமா போர்த்தாவில், அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் மனைவி லிவியாவின் மாளிகை இருந்த இடத்தில், அகஸ்டஸின் சிலை கிடைத்தபோது கவசத்திலும் மேலாடையிலும் சிவப்பும் நீலமும் கண்ணுக்குத் தெரிந்தன. ரோமானியச் சிலைகள் வெள்ளை வெளேரென்று நிற்கவில்லை, வண்ணம் பூசப்பட்டிருந்தன. முன்னூறு ஆண்டு தேய்த்துக் கழுவியதில் எத்தனை நூறு சிலைகளின் கடைசி வண்ணத் துணுக்கு சாக்கடையில் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பிழையான ஒட்டுகளும் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கும் வட்டெறிபவன் சிலையைப் பாருங்கள். 1791-இல் ஹாட்ரியன் சக்கரவர்த்தியின் திவோலி மாளிகையில் கிடைத்தது. கவாசெப்பியின் சீடர் கார்லோ அல்பாச்சினி அதற்குத் தலையைப் பொருத்தினார். தலை தரையைப் பார்க்கிறது. பத்து ஆண்டுக்கு முன்பே ரோமில் கிடைத்திருந்த இன்னொரு பிரதியில் தலை திரும்பி, பின்னால் உயர்ந்த கையிலுள்ள வட்டைப் பார்க்கிறது, அதுதான் சரி. உடல் முழுவதும் ஒரு பக்கம் முறுக்கியிருக்க, கழுத்து மட்டும் அந்த முறுக்கில் சேராமல் நிற்பது கூர்ந்து பார்த்தால் தெரியும். வாங்கிய சார்ல்ஸ் டௌன்லிக்கே சந்தேகம் வந்தது. விற்ற தாமஸ் ஜென்கின்ஸ் சமாதானம் சொல்லிச் சரிக்கட்டினார். 1805-இல் டௌன்லியின் சேகரிப்போடு சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது. தலை இன்றும் அப்படியே இருக்கிறது.

அது அப்படியே இருக்கட்டும். பதினெட்டாம் நூற்றாண்டு எப்படிப் பார்த்தது, எப்படி விற்றது என்பதற்கு அந்தக் கழுத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அதன் முன் நிற்கும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு, இந்தத் தலை தப்பு என்பது தெரிந்தாக வேண்டும். பழுதுபார்த்த பகுதிகளைப் பழையவை என்று நம்பி அறிஞர்களே ஏமாறுகிறார்கள் என்று வின்கெல்மன் 1764-இல், தம் கலை வரலாற்று நூலின் முன்னுரையிலேயே எச்சரித்துவிட்டார். அறிஞருக்கே அந்தக் கதி என்றால் விடுமுறைக்கு வந்தவர் என்ன செய்வார்?

கை வைக்க மறுத்தவரும் உண்டு. ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலிலிருந்து கொண்டுவந்த சிற்பங்களைச் செப்பனிட்டுத் தரும்படி எல்ஜின் பிரபு 1803-இல் கனோவாவைக் கேட்டார். அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த சிற்பி, அவற்றைத் தொடுவது பாவம் என்று மறுத்துவிட்டார். அது கிரேக்கக் கல்தான். ரோமானியக் கல்லைப் பார்க்கும் கண்ணையும் அந்த மறுப்பு மாற்றியது. இருபதாம் நூற்றாண்டு கனோவாவின் வழியில் போனதோடு நிற்காமல், அதையும் தாண்டி ஓடியது. ஒட்டியதையெல்லாம் கழற்று என்ற வேகம் பிறந்தது.

அதன் விளைவை அமெரிக்காவில், கெட்டி அருங்காட்சியகத்தின் லேன்ஸ்டவுன் ஹெர்குலிஸில் பார்க்கலாம். இதுவும் திவோலியில், 1790-இல் கிடைத்து, இங்கிலாந்துக்குப் போன சிலை. உள்ளேயிருந்த பழைய இரும்புக் கம்பிகள் துரு ஏறின. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் பளிங்கைப் பிளக்கும்; ஆகவே 1970-களில் பிரித்தது நியாயம். ஆனால் பிரித்தபோது பதினெட்டாம் நூற்றாண்டுத் துண்டுகளையும் ஒதுக்கிவிட்டார்கள். கிடைத்தது பழங்கால ஹெர்குலிஸ் அல்ல. பழைய பட்டறை தட்டையாக்கி வைத்த வெட்டுமுகங்களும் துளைகளும்தான். கழற்றினால் பழமை திரும்பி வரும் என்று நம்பியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள்: ஒட்டுக்குக் கீழே இருப்பது மூல முறிவு அல்ல, ஒட்டுவதற்காக வெட்டிய முகம். 1990-களில் கெட்டி அருங்காட்சியகம் பழைய துண்டுகளில் பலவற்றைத் திரும்பவும் பொருத்தியது. தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொள்வது ஓர் அருங்காட்சியகத்துக்கு எளிதல்ல. பாராட்ட வேண்டிய செயல்.

மூலம், மூலம் என்று பேசுபவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். புகழ்பெற்ற ரோமானியப் பளிங்குகளில் பல, கிரேக்க வெண்கலச் சிலைகளைப் பார்த்துச் செய்த பிரதிகள். வெண்கலம் ஒற்றைக் காலில் நிற்கும், பளிங்கு நிற்காது. அதனால்தான் காலோடு ஒட்டி ஒரு மரத்தண்டு வருகிறது. அப்பல்லோவின் பக்கத்தில் நிற்கும் மரமும் அப்படித்தான். ரோமானியச் சிற்பியே கூட்டிச் சேர்த்தவர்தான் என்றால், மொன்டொர்சோலியை மட்டும் எப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

இதற்காக யாரும் எதையும் ஒட்டலாம் என்று ஆகிவிடாது. இத்தாலியில் 2010-இல் நடந்தது நினைவிருக்கலாம். ரோமுக்கு அருகில் ஓஸ்தியாவில் 1918-இல் கிடைத்த, கி.பி. 175 வாக்கிலான மார்ஸ்–வீனஸ் இணைச் சிலை, அப்போதைய பிரதமர் பெர்லுஸ்கோனியின் அலுவலக மாளிகையில் இரவலாக வைக்கப்பட்டிருந்தது. மார்ஸின் உடைந்த ஆணுறுப்பையும் வீனஸின் கையையும் புதிதாகச் செய்து பொருத்தினார்கள். செலவு 70,000 யூரோ. காந்தத்தால் ஒட்டியதால் கல்லுக்குச் சேதமில்லை என்பது உண்மைதான். 2013-இல் எளிதாகக் கழற்றவும் முடிந்தது. ஆனால் மாளிகையில் முழுசாக நிற்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வேலைக்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964-இன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் செப்பனிடுவது நிற்க வேண்டும் என்று சொல்லி அப்போதே நாற்பத்தாறு ஆண்டு ஆகியிருந்தது. சேர்க்கும் பகுதி மூலத்திலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்பதும் அதே சாசனம்.

பிரித்தறியும்படி. எல்லாம் இந்த ஒரு சொல்லில் நிற்கிறது. ரோமில் பலாசோ அல்டெம்ப்ஸ் என்ற அருங்காட்சியகம் இதைச் செய்துகாட்டுகிறது. லுடோவிசி கர்தினால் 1620-களில் சேர்த்த சிலைகள் அங்கே இருக்கின்றன. பெர்னினியும் ஆல்கார்டியும் கை வைத்தவை. போர்த் தெய்வமான ஏரஸ் உட்கார்ந்திருக்கிறான், வலது பாதம் பெர்னினியுடையது. சிலைகளின் பக்கத்துப் பலகையில் ஒரு சின்னக் கோட்டோவியம். எந்தெந்தப் பகுதி பிற்காலத்தது என்று அதில் நிறம் மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். பார்ப்பவர் ஓவியத்தைப் பார்க்கிறார், சிலையைப் பார்க்கிறார், திரும்ப ஓவியத்தைப் பார்க்கிறார். சிலையின் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஒன்றுக்கு இரண்டு சிற்பிகளைப் பார்க்கிறோம் என்ற எண்ணம் வருகிறது.

பல காலம் மூடிக்கிடந்த டொர்லோனியா குடும்பத்தின் 620 சிலைகளில் 92 சிலைகள் 2020-இல் ரோமில் காட்சிக்கு வந்தபோதும் இதே நேர்மை இருந்தது. அங்கே ஓர் ஆடு படுத்திருந்தது. உடல் ரோமானியருடையது, தாடி வைத்த தலை பெர்னினியுடையதாகக் கருதப்படுகிறது. இரண்டையும் சொல்லியே வைத்தார்கள்.

ஒரு கோட்டோவியம் அச்சிட என்ன செலவாகும்? மற்ற அருங்காட்சியகங்கள் இதைச் செய்யாமலிருக்கக் காரணமே இல்லை. சிலையின் பெயர், காலம், கிடைத்த இடம் எழுதும் பலகையில், எந்தக் கை எந்த ஆண்டு யார் செய்தது என்ற வரியும் இடம்பெற வேண்டும். தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுத வேண்டும். லாவோக்கூனின் பக்கத்தில் மொன்டொர்சோலியின் பெயரும் மாஜியின் பெயரும் போலக்கின் பெயரும் இருக்க வேண்டும்.

அதுவரை, ரோமுக்கோ நேபிள்ஸுக்கோ லண்டனுக்கோ போகும் வாசகர்கள் சிலையின் முகத்தோடு நின்றுவிடாமல் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். கழுத்தில், மேற்கையில், முழங்காலுக்குக் கீழே, மூக்கின் அடியில் மயிரிழைபோல ஒரு கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பளிங்கின் நிறம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கோடு நேராக, கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் அங்கே பழைய கல்லைச் செதுக்கித் தள்ளியிருக்க வாய்ப்பு அதிகம். வளைந்து நெளிந்து போனால், மூல முறிவை மதித்த ஒரு கை அங்கே வேலை செய்திருக்கிறது.